விலையில்லா மடிக்கணினியும் விலைபோகாத ஆசையும்

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது, படிப்புக்கு. பாளையங்கோட்டைப் பையன்கள் பலர் முதலில் ஏற்றிப் பார்த்ததோ ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். 2005-இல் கணினிக்கு வந்த ஆட்டம். 64 எம்பி கிராபிக்ஸ் நினைவகமே போதும். ஓடியது. ஆசை விடுமா? 2015-இல் கணினிக்கு வந்தது ஜிடிஏ 5. அது குறைந்தது 4 ஜிபி ரேமும் 1 ஜிபி கிராபிக்ஸ் நினைவகமும் கேட்டது. ஆரம்பகால அரசு மடிக்கணினியில் மொத்தமே 2 ஜிபி ரேம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது; உள்ளிணைந்த கிராபிக்ஸ் அந்த ரேமிலேயே பங்கு கேட்கும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுத் தண்ணீரில் வாழைக்கும் தூத்துக்குடி ஆலைக்கும் நடக்கும் அதே தாவா.

“ஏலே, ரெசல்யூஷனக் கொறச்சுப் பாருலே!”

குறைத்தாலும் கார் நகராது, ஃபேன்தான் இரையும். இன்று புதிதாக மடிக்கணினி வாங்கினால் ஒற்றை ரேமுக்குப் பதில் ஜோடியாகப் போடுங்கள். உள்ளிணைந்த கிராபிக்ஸுக்கு அது நிஜமாகவே உதவும்.