ஸ்போர்ட்ஸ் காரின் மந்தகதி இலக்கணம்

ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் வாகனத்தைக் குறித்து இதுகாறும் வெளிவந்துள்ள நூல்களும் கட்டுரைகளும் விளம்பரங்களும், ஒன்று தவறாமல், அதன் வேகத்தையே வர்ணித்துச் செல்கின்றன. மணிக்கு இத்தனை கிலோமீட்டர், நின்ற நிலையிலிருந்து நூறை எட்ட இத்தனை விநாடி என்று அடுக்கிக்கொண்டு போகும் அவ்வாசிரியர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயினும், அவ்வாகனத்தை உடைமையாகக் கொண்டு நித்திய வாழ்க்கை நடத்துகிற ஒருவருடைய சுக துக்கங்களை நேரில் நின்று பரிசோதிக்கப் புகுந்தால், அவற்றுள் வேகத்தினால் விளைபவை அதிசொற்பம் என்பதும், வண்டி நிற்கும்போதும், நிற்கப் போகும்போதும், நின்ற இடத்திலிருந்து கிளம்ப எத்தனிக்கும்போதும் நிகழ்பவையே ஏனைய யாவும் என்பதும் புலனாகும். ஆகவே, வேகத்தைப் பற்றிய ஆராய்ச்சியை அவசரக்காரர்களுக்கு விட்டுவிட்டு, மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு உட்பட்ட நிலையில் அவ்வாகனத்தின் லட்சணம் யாது என்பதை மட்டும் ஈண்டு விசாரிக்கப் போகிறோம். இத்துறை இன்றுவரை தரிசாகக் கிடந்ததற்கு வித்வான்களின் அசிரத்தையே காரணமன்றி விஷயத்தின் வறுமை காரணமன்று.

பூர்வபட்சிகள் இங்கே ஒரு தடை எழுப்பக்கூடும். வேகமே அவ்வாகனத்தின் ஆத்மாவாயிருக்க, ஆத்மாவை விடுத்து உடலை ஆராய்வது எங்ஙனம் பொருந்தும் என்பது அவர்களுடைய வினா. சமாதானம் கூறுவோம். 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், லே மான் பந்தயத்துக்கென ஏ.சி. கம்பெனியார் சித்தம் செய்திருந்த கார் ஒன்றை, ஜாக் சியர்ஸ் என்னும் பந்தய வீரர், இங்கிலாந்தின் எம்1 நெடுஞ்சாலையில் மணிக்கு 185 மைல் வேகத்தில் செலுத்திப் பரீட்சை செய்தார். அச்சாலைக்கு அன்று வேக வரம்பு ஏதும் இல்லையாதலால் அது குற்றமாகவில்லை. மறு ஆண்டு டிசம்பரில் 70 மைல் வரம்பு வந்து சேர்ந்தது. முன்னது பின்னதற்குக் காரணம் என்பாரும், இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பாரும் உளர். அந்த வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. அன்றிலிருந்து அந்நாட்டு நெடுஞ்சாலையில் ஸ்போர்ட்ஸ் காரும் குடும்பக் காரும் சட்டத்தின் முன்னிலையில் சமானமாயின என்பது ஒன்றே நமக்கு வேண்டிய பிரமேயம்.

இதனினும் வலுவான சான்று ஒன்று உண்டு. 2005-இல் வெளிவந்த புகாட்டி வேரான் என்னும் பிரெஞ்சு வாகனம் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்ட வல்லது. ஆனால், 375-க்கு மேற்பட்ட வேகத்தை விரும்பும் சொந்தக்காரர் முதற்கண் செய்ய வேண்டிய காரியம் யாதெனில், வண்டியை நிறுத்துவது. நிறுத்தி, ஆசனத்துக்கு அருகே அதற்கென்றே அமைந்துள்ள துவாரத்தில் இரண்டாவது சாவி ஒன்றை இட்டுத் திருகினால்தான் வண்டி தாழ்ந்து, தரைக்கு 6.5 சென்டிமீட்டர் உயரத்தில் தன்னை இருத்திக்கொண்டு, உச்ச வேகத்துக்குச் சம்மதிக்கும். அதிவேகத்துக்குள் நுழையும் வாயிலே பூஜ்ய வேகத்தில் இருக்கும்போது, மந்தகதியை இவ்வாகனத்தின் பிரதான நிலையாகக் கொள்வதில் தவறில்லை. பூர்வபட்சம் நிராகரிக்கப்பட்டது.

இனி ஏறுதலும் இறங்குதலும். தாழ்ந்திருத்தலே ஸ்போர்ட்ஸ் காரின் முதல் லட்சணமாகையால், அதில் ஒருவர் ஏறுகிறார் என்று கூறுவது உபசார வழக்கே. உண்மையில் அவர் இறங்குகிறார். போர்டு கம்பெனியார் லே மான் பந்தயத்தை வெல்வதற்காகச் செய்த ஜி.டி.40 என்னும் வண்டிக்குக் கூரையே தரையிலிருந்து நாற்பது அங்குலத்தில்தான். அந்த நாற்பதைத்தான் அது தன் பெயரில் தாங்கி நிற்கிறது. 1954-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்த மெர்ஸிடஸ் 300 எஸ்.எல். காரிலோ, எஃகுக் குழாய்களால் பின்னப்பட்ட எலும்புக்கூடு இரு பக்கமும் உயர்ந்து நின்றமையால், முறையான கதவுக்கு இடமில்லாமற் போய், கதவுகளைக் கூரையில் கீல் வைத்து மேல்நோக்கித் திறக்கும்படி நேர்ந்தது. அதன் பின்னும் மனித முழங்கால் உள்ளே போக மறுத்ததனால் ஸ்டியரிங் சக்கரத்தையே சாயும்படி செய்தார்கள். உலகம் இன்றளவும் அழகென்று கொண்டாடும் அந்தக் கதவு ஓர் இட நெருக்கடியின் விளைவு என்பதை ரசிகர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். எம்.ஜி.ஏ. என்ற ஆங்கிலேயத் திறப்புக் காருக்கு வெளிப்புறக் கைப்பிடியே கிடையாது. சொந்தக்காரர் தம் காரின் கதவைத் திறக்க, அன்னியர் காரைத் திறப்பவர் போல, உள்ளே கையை விட்டுத் துழாவ வேண்டும்.

ஏறுவதை ஒருவாறு சகித்துக்கொள்ளலாம், ஏனெனில் அது பெரும்பாலும் சொந்த வீட்டு வாசலில் நடப்பது. இறங்குவதோ பிறர் வாசலில், பிறர் முன்னிலையில். சென்னைவாசியும் ஈரிருக்கைக் கார் ஒன்றின் சொந்தக்காரருமான எமது நண்பர், முகூர்த்த நாளில் பட்டு வேட்டியுடன் கல்யாண மண்டபத்து வாசலில் இறங்குவதை அணுகி நின்று ஆராயும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. முதலில் வலது கால் வெளிப்பட்டுத் தரையைத் தொடுகிறது. பிறகு நெடுநேரம் ஒன்றும் நிகழ்வதில்லை. அடுத்து ஒரு கை கதவின் மேல்விளிம்பைப் பற்ற, மற்றொரு கை வேட்டியின் மானத்தைக் காக்கிறது. மூன்றாவது கை ஒன்று தரையில் ஊன்றுவதற்கு அவசியமாயிருந்தும் இயற்கை அதை வழங்கவில்லை. பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக வாசலில் நின்ற பெண்கள் பரிவோடு வேறு திக்கில் பார்த்தார்கள். வெல்க்ரோ ஒட்டும் நவீன வேட்டி இவ்விஷயத்தில் ஒரு மாபெரும் முன்னேற்றம் என்று நண்பர் பிற்பாடு தெரிவித்தார். ஆயினும் அதை ஒரேயொரு வேட்டியின் சாட்சியத்தை வைத்துச் சித்தாந்தமாக ஸ்தாபிப்பது அவசரமாகும்.

பின்னோக்கிச் செலுத்துதல் தனியொரு சாஸ்திரம். லம்போர்கினி கம்பெனியார் 1974 முதல் விற்ற கவுன்டாஷ் என்னும் வண்டியில் பின்புறக் கண்ணாடி இருந்தும் அதன் வழியே காணத்தக்கது அதிகமில்லை. அதன் சொந்தக்காரர்கள் கண்டுபிடித்த உபாயமாவது: மேல்நோக்கி எழும் கதவைத் திறந்து, ஆசனத்தை விட்டெழுந்து, வாசற்படியாகிய பக்கவிளிம்பில் அமர்ந்து, உடலில் பாதியை வீதிக்கு அர்ப்பணித்து, தலையைத் திருப்பிப் பின்னே நோக்கி, ஒரு காலால் மட்டும் வண்டியோடு உறவு வைத்துக்கொண்டு நகர்த்துவது. உலகின் மிக விலையுயர்ந்த வாகனங்களில் ஒன்றை அதற்கு வெளியே உட்கார்ந்து ஓட்ட வேண்டியிருந்தது பற்றி அவர்களில் எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. மாறாக, அவ்வித்தையைக் காட்டுவதற்கென்றே நெருக்கமான இடங்களைத் தேடியிருப்பார்கள் என்பது எம் அனுமானம்.

அக்கம்பெனியின் பிறப்பே மந்தகதியில் விளைந்த ஒரு மனத்தாங்கலால் என்பதை இவ்விடத்தில் விரித்துரைப்பது பொருந்தும். பெருச்சோ லம்போர்கினி என்பார் இத்தாலியில் டிராக்டர் செய்து விற்றுத் தனவந்தர் ஆனவர். அவரிடம் பெராரி கார்கள் இருந்தன. அவற்றின் கிளட்ச் அடிக்கடி தொல்லை கொடுத்தது. கிளட்ச் என்பது வண்டி வேகமாய் ஓடுகையில் சும்மாயிருந்து, நிற்கும்போதும் கிளம்பும்போதுமே பெரிதும் உழைக்கும் உறுப்பு என்பதை வாசகர் கவனிக்க. பழுதான அதைத் தம் பட்டறையிலே கழற்றிப் பார்த்தபோது, தாம் டிராக்டருக்கு வாங்கும் கிளட்சும் அதுவும் ஒன்றே எனக் கண்டதாகவும், அதைக் குறித்து என்ஸோ பெராரியிடமே நேரில் முறையிட்டதாகவும், டிராக்டர்காரருக்கு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி என்ன தெரியும் என்ற தோரணையில் பதில் வந்ததாகவும் அவர் பிற்காலத்தில் சொல்லிவந்தார். கதையில் எத்தனை பங்கு உண்மை, எத்தனை பங்கு முதுமையின் மெருகு என்று பிரித்தெடுப்பது அரிது. 1963-இல் சாந்த்-அகாத்தா என்ற ஊரில் அவர் தமது சொந்தக் கார்த் தொழிற்சாலையை நிறுவினார் என்பதும், மூன்றே ஆண்டுகளில் மியூரா என்னும் அதிவேகக் கார் அங்கிருந்து வெளிவந்தது என்பதும் சரித்திரம். சாமானியர் கார் பழுதானால் மெக்கானிக்கை மாற்றுவார்கள். இவர் உலகத்தின் கார்களையே மாற்றப் புறப்பட்டார். நிலவுலகில் மிக மெதுவாக ஊரும் யந்திரத்தைச் செய்தவரே மிக வேகமாக ஓடுவதையும் செய்தார் என்னும் இவ்வுண்மை, எமது சித்தாந்தத்துக்கு இத்தாலி தேசம் தானாக முன்வந்து அளித்த சாசனமாகும்.

துக்கங்களையே பேசிக்கொண்டிருப்பது நடுநிலையன்று, சுகங்களும் உள. ஆங்கிலேயரின் பழைய எம்.ஜி., டிரையம்ப் வகைக் கார்களில் எஸ்.யு. கார்புரேட்டர்கள் இரண்டு பொருத்தப்பட்டிருக்கும். இரண்டும் சமமாகக் காற்றை உறிஞ்சாவிடில் இஞ்சின் நின்ற இடத்திலேயே தள்ளாடும். அவற்றைச் சமன் செய்ய, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்து, இரண்டின் சீற்றமும் ஒரே ஸ்தாயியில் வரும்வரை திருகாணியை இம்மியளவு திருப்பிக்கொண்டேயிருக்க வேண்டும். கச்சேரிக்கு முன் தம்புராவில் சுருதி சேர்க்கும் வித்வான் போல் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதில் போக்கிய மனிதன், மறுநாள் மழை பெய்தமையால் வண்டியை வெளியே எடுக்காமற் போனாலும், தான் ஏமாற்றப்பட்டதாக எண்ணுவதேயில்லை. 1989-இல் ஜப்பானிய மாஸ்தா கம்பெனியார் சிகாகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 என்ற சிறு திறப்புக் காரைக் கொணர்ந்து, அந்த ஆங்கிலேய வண்டிகளின் இனிமைகளையெல்லாம் வைத்துக்கொண்டு, எண்ணெய்க் கசிவையும் மின்சாரக் கோளாறையும் நீக்கிவிட்டார்கள். புகைக் குழாயின் ஒலியைக்கூட ஆராய்ந்து பதப்படுத்தினார்கள். 2016-இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்ததிலிருந்து அது எவ்வளவு விரும்பப்பட்டது என்பது தெரியும். ஆயினும் அதன் சொந்தக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையை எவ்வாறு கழிக்கிறார்கள் என்பதை எவரும் ஆராயவில்லை.

பெட்ரோல் பங்க்கில் நிற்பது சுகத்தில் சேருமா துக்கத்தில் சேருமா என்று நிச்சயிப்பது கடினம். நண்பரின் வண்டி நின்ற மாத்திரத்தில் ஐவராவது சூழ்ந்துகொள்கிறார்கள். இஞ்சினின் சக்தி, சிலிண்டரின் எண்ணிக்கை, உச்ச வேகம் ஆகியவற்றை விவரிக்க அவர் ஆயத்தமாகையில், தமிழ்நாட்டில் கேட்கப்படும் முதற்கேள்வி அதுவாக இருப்பதில்லை.

“லிட்டருக்கு எவ்வளவு சார் குடுக்குது?”

“ஏழு குடுக்கும்பா.”

“ஏழா? எங்க அண்ணன் ஸ்ப்ளெண்டர் அறுபதுக்குக் கொறையாது சார். சர்வீஸ்ல விட்டுப் பாருங்க, எங்கயோ லீக் ஆவுது.”

முன் குறித்த வேரான், உச்ச வேகத்தில் ஓடினால் தன் நூறு லிட்டர் தொட்டியைச் சுமார் பன்னிரண்டு நிமிஷத்தில் வறளச் செய்துவிடும் என்பதை எடுத்துரைத்து நண்பருக்கு ஆறுதல் அளிக்க முயன்றோம். அது பயன்படவில்லை.

எஞ்சியிருப்பது வேகத்தடை. பொதுஜனங்கள் இதனை ஸ்போர்ட்ஸ் காரின் பரம சத்துரு என்று கருதுகிறார்கள். கணிதம் அவ்வாறு கருதவில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த நெறிமுறைப்படி, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்குரிய வேகத்தடை, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லாக, 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருத்தல் வேண்டும். லம்போர்கினி ஹுராகான் வண்டியின் முன், பின் சக்கரங்களுக்கு இடைத்தூரம் 2.62 மீட்டர். ஆகவே நான்கு சக்கரங்களும் ஒரே சமயத்தில் அம்மேட்டின்மீது ஏறி நிற்க இயலும். அவ்வாறு நிற்கையில் மேட்டின் உச்சி, முன், பின் சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு மேல் எழுவது ஐந்து சென்டிமீட்டரே. 6.5 சென்டிமீட்டர் உயரத்தில் தவழும் வேரான்கூட, இக்கணக்குப்படி, வயிறு உரசாமல் நிற்கலாம். மூக்கின் கதியைப் பற்றி இக்கணக்கு மௌனம் சாதிக்கிறது.

ஆனால் நம் தெருக்களில் உள்ளவை காங்கிரஸ் நெறியின்படி அமைந்தவையல்ல. தார் மிஞ்சியதாலும், தெருவில் யாரோ விழுந்ததாலும், எதிர்வீட்டுக்காரர் செல்வாக்குள்ளவராயிருந்ததாலும் இரவோடிரவாக எழுந்தவை. அகலம் ஒன்றரைச் சாண், உயரம் அவரவர் கோபத்துக்குத் தக்கபடி. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் 1990-இல் திறந்த பந்தயப் பாதையின் நீளம் சுமார் 3.7 கிலோமீட்டர். சாஸ்திரோக்தமான வேகத்தடையின் அகலமோ 3.7 மீட்டர். அந்தக் கிலோமீட்டர்களுக்காக வாங்கிய வண்டியை நண்பர் இந்த மீட்டர்களில் செலவிடுகிறார் என்பதை இரண்டு எண்களின் ஒற்றுமை எமக்கு உணர்த்தியது. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தின்மீது பந்தயம் நடந்த காலத்தில் இத்தகைய எண் பொருத்தம் இருந்ததா என்று அளந்து பார்க்க அவகாசம் கிட்டவில்லை.

இம்மேடுகளைக் கடக்கும் முறை குறுக்குச் சாய்வு எனப்படும். நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும்படி, தெருவின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, வண்டியைக் கோணலாகச் செலுத்த வேண்டும். எதிரே வரும் போக்குவரத்து நிற்கும். பின்னே வருவதும் நிற்கும். அண்மையில் நண்பருடன் நாமும் உள்ளே தாழ்ந்திருந்த வேளையில், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் தம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, யாரும் வேண்டாமலேயே இறங்கிவந்து, முழந்தாளிட்டு, எங்கள் காரின் வயிற்றுக்கும் தார்மேட்டுக்கும் இடையே கன்னத்தைத் தரையோடு பதித்து நோக்கலானார். பூக்காரம்மாள் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு எதிர்ப்புறம் நின்றுகொண்டாள். இஞ்சினில் 300-க்கு மேற்பட்ட குதிரைச் சக்தி மூச்சுவிடாமல் காத்திருந்தது.

“ரைட்ல ஒடிங்க சார்… இன்னும் ஒடிங்க… வரட்டும், வரட்டும், ரெண்டு விரக்கட கேப் இருக்கு,” என்றார் அவர். “பிரேக்க விடுங்க சார், அதுவா எறங்கும்.”

“அக்கா, அந்தப் பக்கம் தட்டுதா?”

“இல்லப்பா, வரச் சொல்லு.”