எட்டாவது பாட்டு

அப்பாவுக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். உள்ளங்கை அகலம்தான். பக்கவாட்டில் மெமரி கார்டு செருகும் துளை. 16 ஜிபி கார்டு. பாட்டுக்கு 4 எம்பி என்று வைத்தாலும் 4,000 பாட்டு பிடிக்கும். "எந்தப் பாட்டெல்லாம் வேணும்ப்பா?" என்று ஏதோ வள்ளல் மாதிரி கேட்டேன்.

"நம்ம கேசட்ல இருந்தது போதும்டா."

நம்ம கேசட் என்றால் 1984. மதுரை டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டர். கல்யாணத்துக்கு மளிகை லிஸ்ட் போடுவதுபோல அப்பா மூன்று ராத்திரி உட்கார்ந்து எழுதினார். 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்', 'கர்ணன்' என்று படத்துக்குப் படம் தாவி, எழுதியது 27, அடித்தது 11. டி.எம்.எஸ்ஸைத் தூக்கிவிட்டு சுசீலாவுக்கு இடம் கொடுப்பதா என்று அம்மாவோடு வழக்கு வேறு. 60 நிமிஷக் கேசட், பக்கத்துக்கு 30 நிமிஷம். கடைக்காரர் லிஸ்டைப் பார்த்து, "சார், ஏ சைடுல எட்டு இடிக்கும். கடைசிப் பாட்டு பாதியில நின்னுரும்" என்றார்.

"நிக்கிற வரைக்கும் போடுங்க" என்றார் அப்பா.

கேசட் வீட்டுக்கு வந்ததும் பேனாக்கத்தியால் அதன் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்தெடுத்தார். இனி யாரும், அதாவது நான், அதன்மேல் இளையராஜாவைப் பதிய முடியாது. (துளையில் செலோ டேப் ஒட்டினால் முடியும். அது வேறு கதை.)

பதினாறு பாட்டுதானே, ஐந்து நிமிஷ வேலை என்று இறங்கினேன். பெட்டி தன் இஷ்டத்துக்கு வரிசை மாற்றிப் பாடியது. ஃபைல் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டேன், அசையவில்லை. இந்த மாதிரி மலிவுப் பெட்டி பெயரைப் பார்ப்பதில்லை, கார்டில் எது முதலில் ஏறியதோ அதைத்தான் முதலில் பாடும் என்று விளங்குவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றினேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேற்பார்வை. "மூணாவது அது இல்ல."

ஏழு பாட்டுக்கும் தலையாட்டல். எட்டாவது, இரண்டாம் சரணத்தைத் தாண்டியதும் முகம் மாறியது.

"என்னடா, போய்க்கிட்டே இருக்கு?"

"இதுதான் முழுப் பாட்டுப்பா. அன்னிக்கு டேப் தீந்து நின்னுபோச்சு."

"முழுப் பாட்டு எனக்குத் தெரியாதாக்கும்! கேசட் நின்னா எந்திரிச்சுப் போய்த் திருப்பிப் போடுவேன். அப்படியே ஒரு வாய் தண்ணி குடிப்பேன். இது நிக்காமப் பாடுது. எப்பத்தான் எந்திரிக்கிறது?"

டாக்டர் நடக்கச் சொல்லி மன்றாடும் மனிதரிடம் இதற்கு என்ன பதில் சொல்வது? கடைக்காரர் செலவில்லாமல் செய்து கொடுத்ததை, நான் ஒரு சாஃப்ட்வேர் இறக்கி, காதில் ஹெட்போன் மாட்டி, அலையலையாக ஓடும் கோட்டைப் பார்த்துப் பார்த்து வெட்டினேன். ஒரு சொல் முன்னாலேயே நின்றுவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் தடவை தேறியது. அதன் பின்னால், அடுத்த பாட்டு முந்திக்கொள்ளாமலிருக்க, ஒன்றுமே பாடாத ஒரு ஃபைலும் போட்டேன்.

4,000 பாட்டு பிடிக்கும் கார்டில் இப்போது பதினைந்தே முக்கால் பாட்டும், தண்ணீர் குடிக்க இரண்டு நிமிஷமும் இருக்கின்றன.