தொட்டாச்சிணுங்கியின் துணிச்சல்: ஒரு மறு ஆய்வு

கூச்சப்படும் பிள்ளையையும் ஒரு சொல்லுக்கே முகம் வாடும் ஆளையும் 'தொட்டாச்சிணுங்கி' என்பது நம் வழக்கு. இது அந்தச் செடியின் மேல் சுமத்தப்பட்ட அவதூறு என்பதே இக்கட்டுரையின் துணிபு. தமிழில் எந்த ஆய்வும் சங்க இலக்கியத்தில் கால் நனைக்காமல் கரையேறுவதில்லை என்பதால், முதலில் குறிஞ்சிப்பாட்டைப் புரட்டலாம். கபிலர் அடுக்கிய 99 பூக்களில் இதற்கு இடமில்லை. பிழை கபிலருடையது அன்று. செடியின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. அங்கிருந்து கடல் கடந்து, யாரும் அழைக்காமலே நம் வரப்புகளில் குடியேறி, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் களை என்று பெயரெடுத்திருக்கிறது. கல்யாண வீட்டில் தூணுக்குப் பின்னால் நிற்கும் கூச்சக்காரர் எவரும் இப்படிக் கண்டம் கண்டமாகப் பிடித்ததாக வரலாறு இல்லை.

அவதூறு தமிழரோடு நிற்கவுமில்லை. 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 'மிமோசா புடிகா' என்று பெயரிட்டு, நாணமுள்ளது என லத்தீனிலும் முத்திரை குத்திவிட்டார். செடியின் உடலோ வேறு சாட்சி சொல்கிறது. தொட்டதும் இலைக்காம்பின் அடியிலுள்ள புடைப்பில் ஒரு பக்கத்துச் செல்கள் நீரை இழக்கின்றன, இலை மடிகிறது, மடிந்த இலைகளுக்கிடையே தண்டின் முள் பளிச்சென்று தெரிகிறது. நாணித் தலைகுனியும்போதே ஆயுதம் காட்டும் தலைவியை எந்த அகத்திணை நூலும் அறியாது. மடிவதும் இலைதான், இளஞ்சிவப்புப் பூப்பந்து நிமிர்ந்தே நிற்கிறது.

"பயமில்லை என்றால் மடிவானேன்?" என்று கேட்கலாம். 2014இல் மோனிகா காலியானோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை. செடியைத் தொட்டியோடு சிறு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழச் செய்தார்கள். விழுவதால் கேடில்லை என்றானதும் அது இலை மூடுவதை நிறுத்தியது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தும் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. களைத்துப்போய் மூடாதிருந்திருக்கும் என்பாரும் உண்டு. ஆனால் அதே செடியை வேறுவிதமாகக் குலுக்கியபோது உடனே மூடிக்கொண்டது. இலை மூடினால் வெயிலில் உணவு சமைப்பது குறையும். அதனால் வீணாக மூடுவது நட்டம். ஆக, இது பயம் அன்று, வரவு செலவுக் கணக்கு.

தீர்ப்பு இதுதான்: யாருக்கு மடிவது, யாரைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று தேர்ந்தெடுக்கும் செடியின் பெயர் வசைச்சொல் ஆகாது. இனி யாரேனும் உங்களைத் தொட்டாச்சிணுங்கி என்றால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். முள்ளைக் கவனிக்காதது சொன்னவர் பாடு.