இட்லியின் நடுநிலை: ஊராட்சித் தேர்தலுக்கு முந்தைய இரவு குறித்த ஓர் ஆய்வு

மக்களவைத் தேர்தலைப் பற்றி அறிஞர் பெருமக்கள் தலையணை தடிமனில் நூல்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு முந்தைய இரவில், தொடக்கப்பள்ளி வகுப்பறையில் வந்து இறங்கும் வாக்குச்சாவடி அலுவலர் என்ன சாப்பிடலாம், அதை யார் கையால் வாங்கலாம் என்பதை ஆராய்ந்த நூல் ஒன்றுகூட இவ்வாய்வாளன் கண்ணில் படவில்லை. அக்குறை இன்றோடு நீங்குகிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் தமிழகத்தின் 27 மாவட்டங்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல். மொத்தம் 91,975 பதவியிடங்கள். அவற்றில் 76,746 சிற்றூராட்சி வார்டு உறுப்பினர் இடங்கள். எனவே இந்தத் துறையை அற்பமானது என்று ஒதுக்குவோர் எண்ணிக்கையில் தோற்றுவிட்டார்கள்.

கருதுகோள் இது: தேர்தல் சிறுக்கச் சிறுக்க, நடுநிலை காப்பது கடினமாகும். மக்களவை வேட்பாளர் சுவரொட்டியில் கும்பிட்டபடி நிற்பார். அவரால் அலுவலருக்குத் தொல்லை இல்லை. வார்டு வேட்பாளரோ பள்ளிக்கூடத்து மின்விளக்கு எரியவில்லை என்றதும் ஏணியோடு வந்து நிற்பார்.

முதலில் வாக்குச்சீட்டின் நிறங்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய வார்டுக்குப் பச்சை, மாவட்ட வார்டுக்கு மஞ்சள். பிரதமர் வரப்போகும் தேர்தலில் ஒரு பொத்தானோடு கடமை முடிய, தெருக்குழாய்க்கும் தெருவிளக்குக்கும் நான்கு சீட்டு என்பதை வாசகர் சிந்திக்க. ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் கையொப்பம் வேண்டும். 600 வாக்காளர் என்று வைத்துக்கொண்டால், எல்லாரும் வந்தால் 2,400 கையொப்பம். முதல் கட்டுச் சீட்டுகளில் இனிஷியலோடு முழுப்பெயர் துலங்கும். போகப்போக உயிர்மெய்கள் உதிரும். கடைசியில் எஞ்சுவது ஒரு சுழி. தமிழ் பிராமி எழுத்து வட்டெழுத்தாக மாறப் பல நூற்றாண்டுகள் ஆயின என்பார்கள். அப்படிச் சொல்வோர் தேர்தல் பணிக்குப் போனதில்லை.

அடுத்தது மடிப்பியல். சீட்டில் வேட்பாளர்கள் ஒருவர் கீழ் ஒருவராக நிற்கிறார்கள். முத்திரை மை காயுமுன் குறுக்கே மடித்தால், மேலே உள்ளவருக்குக் குத்தியது கீழே உள்ளவர் சின்னத்திலும் பதிந்துவிடும். நெடுக்காக மடித்தால், ஒட்டினாலும் அதே வேட்பாளரின் வரிசையில்தான் ஒட்டும். ஆகவே முதலில் நெடுக்கு, பிறகு குறுக்கு. அலுவலர் இப்படி மடித்து, பிரித்து, வாக்காளரிடம் தர வேண்டும். பொத்தான் காலத்தில் பணிக்கு வந்த இளைய ஆசிரியர்களுக்கு இது புதுக்கலை. 2011க்குப் பிறகு ஊராட்சிகளில் முழுமையான தேர்தல் நடக்காததால் மூத்தவர்களும் மறந்திருந்தார்கள். பயிற்சி வகுப்பில் பட்டதாரிகள் துண்டுத்தாளை மடித்துப் பழகியதைப் பார்த்தவர்களுக்கு ஜனநாயகத்தின்மேல் பக்தி கூடியிருக்கும்.

பொருள்பையைப் பற்றிச் சுருக்கமாக. அரக்கு, மெழுகுவர்த்தி, சணல், ஸ்வஸ்திக் முத்திரை, அழியாத மை, எண்ணினால் தலைசுற்றும் அளவுக்கு உறைகள். மைக்குப்பி கவிழாமல் இருக்க ஒரு கிண்ணம் உண்டு; அதில் மணல் நிரப்பிக் குப்பியை நட வேண்டும். கிண்ணத்தை அரசு தந்துவிடும், மணலை அலுவலர்தான் தேட வேண்டும். இந்தக் காலத்தில் மணலைத் தேடும் அரசு ஊழியரை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி இட்லி. வேட்பாளரிடமோ அவரது முகவரிடமோ உபசரிப்பு எதையும் ஏற்கக்கூடாது என்பது பயிற்சி வகுப்பில் தவறாமல் ஓதப்படும் விதி. விதி தெளிவானது, ஊர்தான் சிக்கலானது. மாதிரிக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். டீக்கடை ஒன்றே. கடைக்காரரின் மச்சான் தலைவர் பதவிக்கு நிற்கிறார். எதிர்த்து நிற்பவர் கடைக்காரரின் பங்காளி.

காசு கொடுத்து வாங்கினால் இட்லி நடுநிலை எய்திவிடும் என்பது முதற்கொள்கை. கேளாமலே இலையில் விழும் வடை இதை உடைத்துவிடுகிறது. சத்துணவு அமைப்பாளர் சமைத்துத் தந்தால் அது அரசுச் சோறு என்பது இரண்டாம் கொள்கை. இது வலுவானதுதான், அவருடைய நாத்தனார் மூன்றாவது வார்டில் நிற்பது தெரியவரும் வரை. எல்லாத் தரப்பிலும் இரண்டிரண்டு வாங்கிச் சமன் செய்யலாம் என்பது மூன்றாம் கொள்கை. வேட்பாளர் ஐவர் என்றால் பத்து இட்லி. காலை 7 மணிக்கு வாக்குப்பதிவு தொடங்க வேண்டியவருக்கு இது ஆகாது. வீட்டிலிருந்தே புளிசாதம் கட்டி வருவோர் நான்காம் கொள்கையினர். இவர்களே தூயவர்கள். ஆயினும் இரவு எட்டு மணிக்குக் கதவருகே ஒரு குரல் கேட்கும்: “ஏன் சார், ஊருக்கு வந்தவங்க பழைய சோத்தப் பிரிச்சு வச்சு சாப்பிட்டா நாளைக்கு எங்களத்தானே ஏசுவாங்க?” இதற்கு எந்தக் கையேட்டிலும் விடை இல்லை.

பெண் அலுவலர்களின் நிலை இன்னும் நுட்பமானது. கழிப்பறைச் சாவி எங்கே என்று கேட்டு, கடைசியில் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த யாரோ ஒருவரும் யாருக்கோ சித்தியாகத்தான் இருப்பார். நடுநிலை பேசுவோர் பள்ளிக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை கட்டுவதிலிருந்து தொடங்கலாம் என்று இவ்வாய்வாளன் கருதுகிறான். இந்த ஒரு வரியை மட்டும் வாசகர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முடிவு: ஒன்றிய அளவில் இட்லி ஏறத்தாழ நடுநிலையானது, ஊராட்சித் தலைவர் அளவில் ஐயத்துக்குரியது, வார்டு அளவில் நடுநிலையான இட்லி என்று ஒன்று கிடையாது. இது சட்னிக்கும் பொருந்தும். ஆகவே அடுத்த ஊராட்சித் தேர்தலில் உங்கள் ஊருக்கு வரும் அலுவலர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் மனம் வருந்தாதீர்கள், வற்புறுத்தாதீர்கள். ஒரு கிண்ணம் மணல் மட்டும் கொடுங்கள். மறுநாள் சீட்டை முதலில் நெடுக்காக மடியுங்கள்.