சிபாரிசுச் சீட்டு ராமானுஜன்

அண்ணனூர் ஸ்டேஷனில் சென்ட்ரல் லோக்கலுக்கு நிற்கும் ஃபைனல் இயர் பசங்க வாயில் இப்போது ஒரே மந்திரம்: "மச்சான், உங்க மாமா கம்பெனியில ஒரு ரெஃபரல் வாங்கிக் குடுடா." கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக, இந்த வித்தையில் கரைகண்ட ஒரு அரியர் கேஸின் கதை.

பெயர் ராமானுஜன். ஆமாம், அதே ராமானுஜன்தான். கும்பகோணம் கல்லூரியில் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வைக் கோட்டை விட்டவர்; பச்சையப்பனுக்கு வந்து மறுபடியும் விட்டவர். கணக்கைத் தவிர மற்ற பாடமெல்லாம் ஜென்மப் பகை. டிகிரிதான் இல்லை, 1909-ல் கல்யாணம் மட்டும் ஆகிவிட்டது.

மறுவருஷம் திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரிடம் போய் நோட்டை நீட்டினார். கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. ஐயரோ 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ஆள். நோட்டைப் புரட்டினார், இவனைத் தாலுகா ஆபீஸில் உட்கார வைப்பது பாவம் என்று பட்டது. வேலை தரவில்லை, சீட்டு தந்தார். சீட்டு மெட்ராஸில் கணிதப் பேராசிரியர் சேஷு ஐயரிடம் போனது. அவர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் தள்ளிவிட்டார். சவரம் செய்யாத முகம், கக்கத்தில் கிழிந்த நோட்டு: ராவுக்கு ஆளும் புரியவில்லை, கணக்கும் புரியவில்லை. பலமுறை நடையாய் நடந்த பிறகு, மாதம் 25 ரூபாய் சொந்தக் காசில் தந்தார்.

சும்மா வாங்கித் தின்பது ராமானுஜனுக்கு உறுத்தியது. 1912 பிப்ரவரியில் போர்ட் டிரஸ்டுக்கு மனு போட்டார். அதில் எஃப்.ஏ. ஃபெயில் என்று ஒரு வார்த்தை கிடையாது, எஃப்.ஏ. வரை படித்ததாகவும், சில பாதகமான சூழ்நிலைகளால் தொடர முடியவில்லை என்றும் இருக்கும். ரெஸ்யூமே எழுதச் சொல்லித் தர தனியாக ஆள் வேண்டுமா? கூடவே பிரசிடென்சி கல்லூரி மிடில்மாஸ்டின் பரிந்துரை. மார்ச் 1 முதல் 30 ரூபாய் சம்பளம்.

மேலதிகாரி நாராயண ஐயர் யார் தெரியுமோ? அதே கணிதக் கழகத்தின் பொருளாளர்! ராத்திரி இருவரும் சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். காகிதம் வாங்கக் காசில்லாத நம்மாள் முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதினார். முழங்கை கறுத்ததுதான் மிச்சம்.

அடுத்து கேம்பிரிட்ஜ் கணித வல்லுநர்கள். பேக்கர், ஹாப்சன் இருவருக்கும் எழுதியதில் பிரயோஜனமில்லை. 1913 ஜனவரி 16-ல் ஹார்டிக்கு எழுதினார், பக்கம் பக்கமாகத் தேற்றங்களோடு. 25 வயசுக்காரர் தனக்கு 23 இருக்கும் என்று போட்டார். அதைப் பெரிசுபடுத்த வேண்டாம். மாட்ரிமோனியில் நாம் போடாததா?

ஹார்டியின் பதில் வந்ததும் மெட்ராஸில் காற்று திசை மாறியது. எந்தப் பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ.வில் ஃபெயிலானாரோ, அதுவே கூப்பிட்டு ஆராய்ச்சி செய்ய மாதம் 75 ரூபாய் கொடுத்தது. மார்க் ஷீட்டை யாரும் கேட்கவில்லை.