அவுட்போர்டு எஞ்சினின் நீர்க்கோவை: ஒரு முன்னோடி ஆய்வு

சித்த மருத்துவத்தில் நெய்க்குறி என்றொரு சோதனை உண்டு. நோயாளியின் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள். பாம்பாக நீண்டால் வாதம், மோதிரமாக வளைந்தால் பித்தம், முத்தாக நின்றால் கபம். ஆக, நீரில் எண்ணெயை விட்டு நோய் காணும் வழி நமக்குத் தெரியும். எண்ணெயில் நீர் புகுந்தால் என்ன நோய் என்று எந்தச் சித்தரும் சொல்லிவைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அன்று இருந்தது கட்டுமரம். கட்டுமரத்தில் எண்ணெய் ஊற்றத் துவாரம் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது என் மைத்துனர் வள்ளத்தின் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். ஆய்வாளர் நான், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையூரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மைத்துனர் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடைபயணம் கிளம்பும்போது எஞ்சினை எங்கள் முற்றத்தில் மர ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் போனார். "அத்தான், சும்மா பாத்துக்கிடுங்க" என்றார். மூன்றாம் நாள் காலை, எஞ்சினுக்கு அடியில் தரையில் பால்காப்பி நிறத்தில் ஒரு சொட்டு கிடந்தது. நான் பார்த்துக்கொண்டேன்.

முதலில் கலைச்சொல். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதை நாலடி என்றே தமிழாக்குவேன். சமண முனிவர்கள் பொறுத்தருள்க. 1876-இல் ஜெர்மனியின் நிக்கோலஸ் ஆட்டோ இயற்றிய நாலடி இது: இழுத்தல், இறுக்குதல், வெடித்தல், வெளியேற்றுதல். மோனைகூடப் பிசகவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் பழைய டூ ஸ்ட்ரோக், குறளைப் போல ஈரடி. ஈரடி எஞ்சின் எண்ணெயை எரிபொருளோடு கலந்து குடித்து அப்போதே எரித்துவிடும். நாலடியோ எண்ணெயை அடியில் தேக்கிவைத்து, திரும்பத் திரும்பப் புழங்கும். தேக்கிவைப்பவருக்குத்தான் கெட்டுப்போகுமோ என்ற கவலையும்.

அடுத்தது சொல்லாராய்ச்சி. எள் நெய் எண்ணெய் ஆயிற்று. வெண் நெய் வெண்ணெய் ஆயிற்று. எஞ்சின் எண்ணெயில் அழுக்கைக் கரைத்து வைக்க சோப்புக் குணமுள்ள சரக்குகள் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் வந்ததும் அவை எண்ணெயையும் நீரையும் கைகோக்க வைத்துவிடும். நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுழலும் கிராங்க் என்ற மத்து மீதியைப் பார்த்துக்கொள்ளும். கடைந்தால் வெண்ணெய் வரும் என்பது இலக்கணத்துக்கும் பொருந்துகிறது, எஞ்சினுக்கும் பொருந்துகிறது.

இனி, புகுந்த தண்ணீர் யாருடையது என்பதே கேள்வி. இதைக் கேட்காமல் "எஞ்சின் போச்சு" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் கடற்கரையில் ஏராளம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவர்? அதில் பெரும்பங்கு ஆவியாகப் புகையோடு போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அதுவும் காய்ந்துவிடும். அவுட்போர்டு எஞ்சின் கடல்நீரையே குடித்துக் குளிர்வதால் கார் எஞ்சின் அளவுக்குச் சூடாகாது. கரையோரம் நண்டு வலை போட்டுவிட்டு அரைமணியில் திரும்பும் வள்ளத்தில் கேட்கவே வேண்டாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் படிந்திருக்கும். இதற்கு எரிநீர் என்று பெயரிடுகிறேன். இது சளி, நோயில்லை. நன்றாக ஓட்டினால் போய்விடும்.

கடல்நீர் அப்படியல்ல. ஹெட் கேஸ்கட் போயிருக்க வேண்டும், அல்லது தண்ணீர் ஓடும் பாதை அரித்து உள்ளே ஓட்டை விழுந்திருக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் உப்போடு அது பேரிங்கில் போய் உட்கார்ந்தால் துரு ராத்திரியோடு ராத்திரியாக வேலையைத் தொடங்கிவிடும். வள்ளம் கவிழ்ந்து எஞ்சின் முழுகுவது மூன்றாம் வகை. அதற்கு ஆய்வு தேவையில்லை, ஊரே பார்த்திருக்கும். பெட்ரோல் கலந்தால் எண்ணெய் வெளுக்காது, நீர்த்துப்போய் அளவு கூடும். "ஆயில் குறையவே மாட்டேங்கு" என்று அதற்கும் மகிழ்பவர்கள் உண்டு.

அளவுகோலைத் துடைத்துச் செருகி எடுத்துப் பார்ப்பது வழக்கமான முறை. அது மேல்மூடிக்குள் இருந்தது. அடியில் ஒரு திருகு கைக்கு எட்டியது. எட்டியதே சான்று என்று கொண்டு, அதைத் திருகி எஞ்சின் எண்ணெயை அரை டம்ளர் பிடித்தேன். கெட்டியாக, அசல் பால்காப்பி.

முதல் சோதனை தோசைக்கல். நன்றாகக் காய்ந்த கல்லில் ஒரு சொட்டு எஞ்சின் எண்ணெய் விட்டால், ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீர் இருந்தாலும் படபடவென்று பொரியும். மேலைநாட்டு ஆய்வகங்களிலும் இதே சோதனைதான். தோசை மட்டும் இல்லை. கல்லில் தண்ணீர் தெளித்துச் சூடு பார்க்கும் பழக்கத்தை அன்று ஒருநாள் கைவிட வேண்டும் என்று என் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பொரிந்தது. "என்னங்க, அழுகின முட்டை நாத்தம் அடிக்கி" என்றாள். ஆய்வுக்குப் புறம்பான குறிப்பு என்று ஒதுக்கினேன்.

இரண்டாவது சோதனை உப்பு. எரிநீரில் உப்பு இருக்காது, கடல்நீரில் இருக்கும். மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியரான நண்பர் ஒரு குப்பியில் கொஞ்சம் சில்வர் நைட்ரேட் கொடுத்தார். எஞ்சின் எண்ணெயைப் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரோடு குலுக்கி, சூடாக்கி, இரவெல்லாம் தெளியவிட்டு, அடியில் நின்ற நீரில் இரண்டு சொட்டு விட்டேன். தயிராகத் திரிந்தது. வடிநீர் ஏன் என்று கேட்கலாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் எண்ணெயே இல்லாமல் தயிராகும்.

முடிபு: ஹெட் கேஸ்கட் போய்விட்டது. எஞ்சினைப் பிரித்தாக வேண்டும்.

கொடியேற்றம் முடிந்து வந்த மைத்துனர் முகம் வெளிறி மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அவர் என் கட்டுரையை வாங்கிப் படிக்கவில்லை. அளவுகோலை உருவினார், துடைத்தார், செருகி மறுபடி உருவி வெயிலில் பிடித்தார். தேன் நிறம், ஒரு குமிழ்கூட இல்லை. மூடியின் உள்பக்கம் ஒரு கீற்று வெண்ணெய் இருந்தது. அதைக் கட்டைவிரலால் வழித்து லுங்கியில் துடைத்தார்.

"இது ஒண்ணுமில்ல. நீங்க எந்த ஓட்டைல எடுத்திய, அண்ணாச்சி?"

காட்டினேன்.

"அது கியர் பெட்டில்லா!"

ப்ரொப்பல்லரைக் கழற்றினார். தண்டில், நூல்கண்டில் சுற்றியது போல அத்தனை நேர்த்தியாகத் தங்கூசி சுற்றிக்கொண்டு, எண்ணெய் சீலை அறுத்திருந்தது. கியர் பெட்டி எப்போதும் கடலுக்குள் முழுகிக்கிடப்பது. உப்பு இல்லாவிட்டால்தான் வியப்பு. தங்கூசி பச்சை நிறம். மைத்துனரின் சொந்த வலையும் பச்சை நிறம்.

"மோந்து பாக்கலியா? கியர் ஆயிலு சூடானா அழுகின முட்டை வாடை வருமே" என்றார் மெக்கானிக். வாசற்படியில் நின்ற என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வள்ளம் கடலுக்குப் போனது. வீட்டுக்குப் புதுத் தோசைக்கல் வந்தது.

பிழைதிருத்தம்: மேலே சோதனைப் பகுதியில் 'எஞ்சின் எண்ணெய்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'கியர் எண்ணெய்' எனத் திருத்திப் படிக்குமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.