குடும்பக் காரின் கறுப்புக் கண்ணாடி: கடலூர் மாவட்டத் திரை மரபை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு குடும்பம் சித்திரையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியது. வெள்ளை நிறம், ஐந்து சீட்டு. ஏசி இருக்கிறது, ஆனால் அதற்கு மூட்டுவலி. வாங்கிய மூன்றாம் நாள், கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம் ஒட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி கிளம்பியது. குடும்பத் தலைவர் வேறு யாராவது என்றால் நேராக ஸ்டிக்கர் கடைக்குப் போயிருப்பார். இவர் தமிழில் எம்.பில். முடித்தவர். ஆகவே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். முதல் பக்கத்தில் 'ஆய்வு நோக்கம், ஆய்வுக் கருதுகோள், ஆய்வு எல்லை' என்று எழுதி, மூன்றின் கீழும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

கீழே வருவது அந்த நோட்டின் சாரம்.

ஆய்வு எல்லை: வடக்கே தென்பெண்ணை, தெற்கே கொள்ளிடம், கிழக்கே கடல், மேற்கே பண்ருட்டியில் மாமனார் வீடு. முன்னாய்வுகள்: இத்துறையில் மிகக் குறைவு. (எல்லா ஆய்வேட்டிலும் இந்த வரி உண்டு. தேடிப் பார்க்காதவருக்கு எல்லாத் துறையிலும் முன்னாய்வு குறைவுதான்.)

அடுத்து, சொல்லாய்வு. 'டின்ட்' என்னும் ஆங்கிலச் சொல் 'தீட்டு' என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு என்று ஆய்வாளர் ஒரே மூச்சில் நிறுவிவிடுகிறார். சாயத்தில் தோய்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அல்லவா அது என்று கேட்டால், லத்தீனுக்கு எங்கிருந்து போனதாம் என்று திருப்பிக் கேட்க நம்மிடம் ஆள் பஞ்சமில்லை. மேலும், தொடக்கூடாது என்பதும் தீட்டுதான். பிலிம் ஒட்டியபின் இரண்டு மூன்று நாள் கண்ணாடியை இறக்காதே, ஓரத்தில் விரல் வைக்காதே என்று ஒட்டுகிறவர் சொல்வதால் இரண்டு பொருளும் அழகாகப் பொருந்துகின்றன. இந்தப் பொருத்தத்தைக் கண்ட இரவு ஆய்வாளர் தூங்கவில்லை.

வகைப்பாடு, ஊடுருவும் ஒளியின் அளவால் அமைவது. எழுபது சதவீதம்: ஒட்டியதே தெரியாது. ஐம்பது: ஒட்டியவருக்கு மட்டும் தெரியும். முப்பத்தைந்து: போலீஸுக்கும் தெரியும். இருபது: கல்யாண வீட்டு வாசலில் மரியாதை கிடைக்கும். ஐந்து: அது பிலிம் அல்ல, பந்தோபஸ்து.

சட்டப் பகுதிக்கு வரும்போது ஆய்வாளருக்குக் கை ஊறுகிறது. ஏனென்றால் இங்கே நூற்பாவும் இருக்கிறது, உரையும் இருக்கிறது, உரைக்கு உரையும் இருக்கிறது. நூற்பா: 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் நூறாவது விதி. முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும். அவ்வளவுதான். இதற்கு முதல் உரை 2012 ஏப்ரல் 27 அன்று டெல்லியில் எழுதப்பட்டது. அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில், விதி பேசுவது கண்ணாடியைப் பற்றி, அதன்மேல் ஒட்டுவதைப் பற்றியல்ல என்று உச்ச நீதிமன்றம் பிரித்துப் பொருள் சொன்னது. ஆகவே பிலிமின் சதவீதம் எதுவானாலும், பிலிமோ வேறு பொருளோ, கண்ணாடியில் ஒட்டக்கூடாது. அந்த ஆண்டு மே 4 முதல் நாடெங்கும் சாலையோரத்தில் நிறுத்தி நிறுத்தி உரித்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்குள் நடக்கும் குற்றம் வெளியே தெரிவதில்லை என்பது நீதிமன்றம் கண்ட காரணம். இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு கிடைக்க வழி வைத்தது.

பிறகு நூற்பாவையே திருத்தினார்கள். 2021 ஏப்ரல் 1 முதல், கண்ணாடியின் உட்புறம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த பாதுகாப்புக் கண்ணாடியும் தரக் குறியீட்டுக்கு உட்பட்டால் செல்லும் என்று ஆனது. இதை வைத்துக் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். நகரேஷ் 2024 செப்டம்பரில் இரண்டாம் உரை எழுதினார்: 70-50 அளவு குறையாமல், தர விதிக்குள் இருக்கும் படலம் ஒட்டியதற்காக அபராதம் போடக்கூடாது. கேரளத்துப் பிலிம் வியாபாரிகளுக்கு அன்று ஓணம் ஒரு முறை கூடுதலாக வந்திருக்கும். மேல்பட்டாம்பாக்கமோ சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்கிறது. அடுத்த மாநில உரையைக் காட்டி, வண்டியை மறித்த ஏட்டையாவிடம் பாடபேதம் பேசுவதற்கு எம்.பில். மட்டும் போதாது. தோற்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவு: முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடியும் என்றால் 1,500 வரை.

ஆனால் இந்த இடத்தில் நோட்டில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. பிலிம் சுருளில் 70 என்று போட்டிருப்பதை நம்பி ஒட்டுகிறவர், கம்பெனியிலிருந்து வந்த கண்ணாடிக்கே கொஞ்சம் பச்சைச் சாயல் உண்டு என்பதை மறந்துவிடுகிறார். பக்கக் கண்ணாடி 75 சதவீதம் விடுகிறது, பிலிம் அதில் 70 சதவீதம் விடுகிறது என்றால், உள்ளே வருவது 52.5. தப்பித்தார். கண்ணாடி 70 என்றால் 49. ஒரே ஒரு சதவீதத்தில் குடும்பமே குற்றவாளி.

இத்துடன் நிறுத்தியிருந்தால் இது உபயோகமான நோட்டாக முடிந்திருக்கும். பன்னிரண்டாம் பக்கத்தில் ஆய்வாளருக்குக் கோட்பாடு பிறந்துவிட்டது.

கோட்பாடு இது: கண்ணாடியை மறைக்கும் ஆசை கடலூர் மாவட்டத்துக்கே உரிய தொல்மரபு. சான்று ஒன்று: சிதம்பரம். நடராசர் சந்நிதிக்குப் பக்கத்தில் ரகசியத்தை மறைத்துத் தொங்குகிறது திரை. வெளிப்புறம் கறுப்பு, உட்புறம் சிவப்பு. விலக்கினால் பொன் வில்வ மாலை, மற்றபடி வெட்டவெளி. சான்று இரண்டு: வடலூர். 1872 தைப்பூசத்தன்று வள்ளலாரின் சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது. அங்கே ஒன்றல்ல, ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கடைசியில் எல்லாம் கலந்தது. இரண்டு ஊரிலும் முதலில் கண்ணில் படுவது கறுப்பு. மாவட்டத்தில் விற்கும் பிலிமும் கறுப்பு. வேறென்ன சான்று வேண்டும்? (களப்பணிக் குறிப்பு: டீக்கடை, காலை.)

ஏழு திரையும் எழுபது சதவீதப் பிலிமாக இருந்தால் எவ்வளவு ஒளி உள்ளே போகும் என்றும் ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார். எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல். இது எதற்கு உதவும் என்று நோட்டில் இல்லை. (அதே டீக்கடை, காலை 7.10, இரண்டாம் கிளாஸுக்கும் பன்னுக்கும் இடையே.)

இக்கோட்பாட்டுக்கு ஒரு மறுப்பு வந்தது. சிதம்பரத்துத் திரை தரிசனம் காட்டும்போது விலகும். வடலூர்த் திரைகள் தைப்பூசத்தன்று ஏழும் விலகும். பசை போட்டு ஒட்டிய திரை இந்த இரண்டு ஊரிலும் கிடையாதே? (மேற்படி கடை, மாலை அமர்வு. மறுத்தவர் பெயர் தெரியவில்லை. மறுப்பு பாதியில் இருக்கும்போது பண்ருட்டி பஸ் வந்துவிட்டது, மீதி யூகம்.) ஆய்வாளர் இதை அடிக்குறிப்பில் போட்டு, மிகச் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறார். பெரிய பேராசிரியர்களும் தமக்கு ஒத்துவராத சான்றை அங்கேதான் அடக்கம் செய்வார்கள்.

ஆயினும் இந்த நோட்டின் உண்மையான கண்டுபிடிப்பு ஒரு பாடபேதத்தில் கிடைத்தது. பிலிம் எதற்கு என்று ஆய்வாளர் களப்பணியில் கேட்டபோது, சர்க்கரை குறைவாகக் குடித்தவர் 'வெக்கைக்கு' என்றார். சர்க்கரையே போடாமல் குடித்தவர் 'வெக்கத்துக்கு' என்றார். (மேற்படி கடை, மூன்றாம் நாள் அமர்வு. சுவடி ஒன்று, அதாவது டீ மாஸ்டர், முதல் பாடத்தை ஆதரிக்கிறது. சுவடி இரண்டு, கிளாஸ் கழுவும் பையன், இரண்டாம் பாடத்தை ஆதரித்துவிட்டு அடி வாங்கியது.) ஓரிரண்டு எழுத்து வேறுபாடுதான். ஆனால் மூலபாடம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

'வெக்கை' என்ற பாடம் அறிவியலில் நிற்கவில்லை. வெயிலின் சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைச் சாயம் குறைத்தால் இருட்டும், அவ்வளவு குளிராது. மலிவான சாய பிலிம் வெயிலைக் குடித்துத் தானே சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை உள்ளேயே உமிழும். அகச்சிவப்பைத் தடுக்கும் செராமிக் வகை பிலிம் உண்டு, பார்க்கத் தெளிவாகவே இருக்கும். ஸ்டிக்கர் கடையில் நடந்த உரையாடல் இந்த இடத்தில் முழுதாகப் பதிவாகியிருக்கிறது.

"எத்தினி பர்சன்ட் போடட்டும்ணே?"

"சட்டம் எவ்வளவு சொல்லுதோ அது போடு தம்பி."

"சட்டத்துக்குன்னு தனியா பிலிம் இருக்குதுண்ணே. ஆனா ஒட்டினா ஒட்டின மாதிரியே தெரியாது. காசு குடுக்கறவங்களுக்கே சந்தேகம் வந்துடும்."

தம்பி பக்கத்தில் ஒரு வண்டிக்கு ஒட்டிக்கொண்டிருந்தான். ஷாம்பூ கலந்த தண்ணீரைக் கண்ணாடியில் பீய்ச்சி, பின்தாளை உரித்துப் பிலிமைப் படியவைத்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி நீர்க்குமிழியை வெளியேற்றினான். ஒரே ஒரு குமிழி மட்டும் போகாமல் மூலையில் உட்கார்ந்துகொண்டது. "அது காய்ஞ்சா போயிடும்ணே" என்றான். அந்த வண்டிக்காரர் வெயில் குறையுமா என்று கேட்கவே இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று குனிந்து, உள்ளே இருப்பது தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார். வெக்கத்துக்கு ஒரு ஓட்டு.

பின்னர் சிதம்பரம் பயணம். முன் இருக்கையில் ஆய்வாளரும் மனைவியும், பின்னால் இரண்டு பிள்ளைகள், இடப்பக்க ஓரத்தில் மாமியார், டிக்கியில் பண்ருட்டிப் பலா ஒன்று. நெல்லிக்குப்பம், கடலூர் வரை கிழக்கே போகும்போது சூரியன் முன்கண்ணாடியில். அதற்கு 70 சதவீத விதி, பிலிம் பேச்சுக்கே இடமில்லை. கடலூர் தாண்டி ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று தெற்கே திரும்பியதும் காலை வெயில் இடப்பக்கம். மாலையில் திரும்பி வடக்கே வரும்போது சூரியன் மேற்கே, அதாவது மறுபடியும் இடப்பக்கம். நம் ஊரில் ஸ்டீயரிங் வலப்பக்கம். போகும்போதும் வரும்போதும் ஓட்டுகிறவர் நிழலில், மாமியார் வெயிலில். "வெயிலே இல்லையே" என்று வீட்டுக்கு வீடு ஆண்கள் சாதிப்பதன் புவியியல் காரணம் இதுவென ஆய்வாளர் கண்டபோது வண்டி முட்லூரைத் தாண்டியிருந்தது. நண்பகல் வெயிலுக்கோ பக்கக் கண்ணாடியே பொருட்டல்ல. சித்திரை முதல் வாரத்தில் சூரியன் சிதம்பரத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது, கூரைதான் காய்கிறது.

இருட்டிய பிறகான பயணத்துக்கு நோட்டில் ஒரு வரிதான்: நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரை ராத்திரியில் கறுப்புக் கண்ணாடி வழியே சைடு மிர்ரரில் தேடிப் பார்த்தவர், மறுநாளே பிலிமை உரித்திருப்பார்.

ஆலப்பாக்கத்திலேயே மாமியார் பிரச்சினையைத் தீர்த்திருந்தார். கண்ணாடியை நாலு விரல் இறக்கி, ஈரிழைத் துண்டின் ஒரு முனையை வெளியே விட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டார். ஆய்வாளர் பதறினார்.

"அத்தை, வேறு எந்தப் பொருளும் கண்ணாடியில் கூடாதுன்னு தீர்ப்பு இருக்கு."

"இது கண்ணாடியில எங்க இருக்கு மாப்ள? கதவுல இருக்கு. நீங்க ரோட்டப் பாருங்க."

துண்டு கண்ணாடியின் 'மேல்' இருக்கிறதா, கண்ணாடிக்கும் கதவுச் சட்டத்துக்கும் 'இடையில்' இருக்கிறதா என்ற வேற்றுமை உருபு ஆராய்ச்சி, நோட்டின் கடைசிப் பதினோரு பக்கங்களை விழுங்கியிருக்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பாணியில் தீர்ப்பின் சொற்களை இடம் மாற்றிக் கொண்டுகூட்டியும் பார்த்திருக்கிறார். முடிவு எட்டவில்லை.

பிலிம் பற்றிய முடிவு மட்டும் பின்னட்டையில், பென்சிலில் இருக்கிறது: ஒட்ட வேண்டாம். பார்க்கிங்கில் நிழல் தேடு, ஏறியதும் நாலு கண்ணாடியையும் ஒரு நிமிடம் இறக்கிச் சூட்டை வெளியே விடு, ஏசிக்கு கேஸ் நிரப்பு.

காலையில் ஆலப்பாக்கத்தில் இடப்பக்கக் கண்ணாடியில் மாட்டிய துண்டு, சாயங்காலம் கடலூருக்குள் நுழையும் வரை இடப்பக்கத்திலேயே இருந்தது.